பிடித்த ஆன்லைன் கேம் ஓய்ந்துவிட்டதா? அடுத்த கேமைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

இரவு பத்து மணி. நாலு பேரும் லாபியில் ரெடி. முன்பெல்லாம் பத்து எண்ணி முடிப்பதற்குள் மேட்ச் கிடைத்துவிடும். இப்போது ஒரு நிமிடம் போகிறது, இரண்டு போகிறது, சுழலும் வட்டம் நிற்பதாயில்லை. ஒருவழியாகக் கிடைத்து இறங்கினால், எதிரே வருகிறவர்களில் பாதிப்பேர் சுவரைப் பார்த்துச் சுடும் பாட்கள், அதாவது மனிதர் இல்லாமல் தானாக ஆடும் பொம்மை வீரர்கள். மைக்கில் யாரும் பேசுவதில்லை. சித்தி மகன் மட்டும், "சாப்பிட்டுட்டு வரேண்ணே, நீங்க போட்டுட்டு இருங்க" என்று கிளம்புகிறான். அவன் திரும்பி வரமாட்டான் என்று மற்ற மூன்று பேருக்கும் தெரியும்.

எங்கள் ஸ்குவாட் கலைந்த கதை இது. அதன் பிறகு எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். 'இதே மாதிரி கேம்' என்று தேடி, வந்த பட்டியலில் மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒன்றரை வருடத்தில் பதினொரு கேம். எதுவும் ஒரு மாதம் தாண்டவில்லை. அந்த கேம்கள் மட்டம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று பழையதைவிட நன்றாகவே செய்யப்பட்டவை. நான் தேடிய விதம்தான் கோணல். பழைய கேமின் முகஜாடையைத் தேடினேனே தவிர, அதில் எனக்குப் பிடித்தது எது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. அதற்கப்புறம் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் வரிசையாகக் கீழே எழுதியிருக்கிறேன். போனில் ஆடுகிறவர்களுக்கும் கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

படி 1: நோய் கேமுக்கா, உங்களுக்கா?

கேம் ஓய்வது ஒன்று, நமக்குச் சலித்துப்போவது இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு. அதனால் முதலில் நாடி பிடித்துப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர் கேம்கள் விற்கும் ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் இருக்கும் கேம் என்றால் வேலை சுலபம். எந்த கேமை இந்த நிமிடம் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்ற கணக்கு வெளிப்படையாகவே கிடைக்கிறது. ஸ்டீம் சார்ட்ஸ் போன்ற தளங்களில் மாதவாரியாகப் பார்க்கலாம். ஒரு மாதம் இறங்கியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெரிய அப்டேட் வந்தால் ஏறும், பரீட்சைக் காலத்தில் இறங்கும். ஒரு வருடக் கோட்டைப் பாருங்கள். போன் கேம்களுக்கு இப்படிப் பொதுக் கணக்கு கிடையாது, நாமே அளக்க வேண்டியதுதான். ஒரு வாரம், காலை ஒரு தடவை, இரவு பத்து மணிக்கு ஒரு தடவை, மேட்ச் கிடைக்க எத்தனை வினாடி ஆகிறது என்று குறித்து வையுங்கள். இரவு பத்து மணிக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் ஆள் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆள் குறைந்தால் ஏன் கேம் கெட்டுப்போகிறது? ஆன்லைன் கேம் நம்மை நம் திறமைக்குச் சமமானவர்களோடு கோத்துவிடப் பார்க்கும். ஆயிரம் பேர் காத்திருந்தால் அது முடியும். அறுபது பேர்தான் இருக்கிறார்கள் என்றால், ஒன்று நீங்கள் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோடு வேண்டுமானாலும் மோத வேண்டும். நேற்று வந்தவன் ஐந்து வருடம் ஆடியவனிடம் மாட்டி, மூன்று மேட்ச் அடி வாங்கி, கேமை அழித்துவிட்டுப் போவான். அவன் போனதால் இன்னும் ஆள் குறையும். இந்தச் சுழலில் விழுந்த கேம் எழுந்து வருவது அபூர்வம்.

அபூர்வமே தவிர, நடக்காதது இல்லை. 2007-ல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2-ஐ சில வருடங்கள் பாட்கள் பிடித்து ஆட்டின. விளையாடுகிறவர்கள் கூட்டமாகக் குரல் கொடுத்தார்கள். 2024 நடுவில் வால்வ் நிறுவனம் பாட்களை மொத்தமாகத் தடைசெய்ய, கேம் மூச்சு விட்டது. 2016-ல் வெளியானபோது எல்லோரும் திட்டித் தீர்த்த நோ மேன்ஸ் ஸ்கை, வருடக்கணக்கில் வந்த இலவச அப்டேட்களால் இன்று மரியாதையோடு நிற்கிறது.

அப்படியே உங்களையும் சோதித்துக்கொள்ளுங்கள். யாராவது அந்த கேமை ஆடும் வீடியோவை அரைமணி நேரம் பாருங்கள். கை பரபரத்தால் கேம் உங்களுக்குள் இன்னும் இருக்கிறது, ஆளில்லாததுதான் பிரச்சினை. கொட்டாவி வந்தால், கேம் நன்றாக இருந்தாலும் உங்களுக்குப் போதும் என்றாகிவிட்டது. இரண்டாவது வகையினர் அதே இனத்தில் இன்னொன்றைத் தேடவே கூடாது.

படி 2: கிளம்புவதற்கு முன்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செய்வதற்குப் பத்து நிமிடம் போதும். கேமுக்குள் மட்டும் பழகியவர்களின் வெளித் தொடர்பை வாங்கிக்கொள்ளுங்கள்: டிஸ்கார்டோ வாட்ஸாப்போ, எதுவாக இருந்தாலும். சர்வர் மூடிய மறுநாள் 'அந்தத் திருநெல்வேலிப் பையன்' எங்கே என்று தேடினால் கிடைக்கமாட்டான். ரேங்க், பழைய ஸ்குவாட் படம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் மாதச் சந்தா ஏதாவது ஓடினால் நிறுத்துங்கள். கேமை அழித்தால் சந்தாவும் நின்றுவிடும் என்று நினைத்து நான் நாலு மாதம் பணம் கட்டியிருக்கிறேன், நிற்காது.

மூடும் கேமில் கடைசி நேரத்தில் 'எல்லாம் பாதி விலை' என்று வரும். வாங்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கேம் வேறு எங்காவது உயிரோடு இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். 2012-ல் மூடப்பட்ட சிட்டி ஆஃப் ஹீரோஸை அதன் ரசிகர்களே ஹோம்கமிங் என்ற பெயரில் நடத்துகிறார்கள். உரிமை வைத்திருக்கும் என்சிசாஃப்ட் நிறுவனம் 2024 ஜனவரியில் அதற்கு முறையான அனுமதியும் கொடுத்தது. ரூன்ஸ்கேப்பின் சண்டை முறை 2012 கடைசியில் மாறியதும் பழைய ஆட்கள் கோபித்துக்கொண்டார்கள். 2013-ல் நிறுவனம் பழைய வடிவத்தையே ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்று தனியாகத் திறந்தது. அது இன்றும் ஓடுகிறது.

படி 3: உங்களைப் பிடித்து வைத்திருந்தது எது?

வழிகாட்டியில் முக்கியமான இடம் இதுதான். அவசரப்படாமல் செய்யுங்கள்.

எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978-ல் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் தொடர்ந்து உருவாக்கிய எம்யூடி என்ற எழுத்து வடிவ கேம்தான் இன்றைய ஆன்லைன் உலகங்களுக்கெல்லாம் பாட்டி. அந்த பார்ட்டில் 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஒரே கேமுக்குள் நாலு விதமான ஆட்கள் இருக்கிறார்கள் என்றார்: சாதிக்க வருகிறவர்கள், சுற்றிப்பார்க்க வருகிறவர்கள், பழக வருகிறவர்கள், அடுத்தவனை அடிக்க வருகிறவர்கள். சீட்டுக்கட்டின் நாலு வகைகளோடு அவர்களைப் பொருத்தியும் காட்டினார். இது எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் ஒரே கேமை ஆடிய நாலு பேர் நாலு வெவ்வேறு காரணத்துக்காக ஆடியிருக்கலாம் என்ற அந்த ஒரு விஷயம் போதும், தேடல் திசைமாறிவிடும்.

எங்கள் ஸ்குவாடையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேரும் பப்ஜியின் எரங்கல் மேப்பில், போச்சிங்கி என்ற ஊரில்தான் குதிப்போம். ஒருவனுக்கு இறங்கியதும் துப்பாக்கி எடுத்துச் சண்டை போட வேண்டும். இன்னொருவனுக்குச் சண்டையே வேண்டாம். வீடு வீடாகப் புகுந்து பை நிறைய அள்ள வேண்டும். சித்தி மகனுக்கு, ஆடுகளம் சுருங்கிச் சுருங்கி மிஞ்சும் கடைசி வட்டத்தில், புல்லுக்குள் படுத்து மூச்சைப் பிடித்திருக்கும் அந்த இரண்டு நிமிடம்தான் கேம். எனக்கு? ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது: வண்டியில் போகும்போது நாலு பேரும் சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டிருப்போமே, அதற்காகத்தான் நான் வந்திருக்கிறேன். துப்பாக்கி எனக்கு ஒரு சாக்கு.

உங்களுடையதைக் கண்டுபிடிக்க ஒரு தாளில் இதை எழுதுங்கள். அந்த கேமில் மறக்க முடியாத மூன்று சம்பவங்கள். 'பிடித்த அம்சங்கள்' என்று எழுத வேண்டாம், அப்படி எழுதினால் கிராஃபிக்ஸ், மேப் என்று விளம்பரம் மாதிரி வரும். சம்பவம்தான் வேண்டும்: எப்போது, யாரோடு, என்ன நடந்தது. பிறகு ஒவ்வொன்றிலும் எந்தக் கணத்தில் முகத்தில் சிரிப்பு வந்தது என்று அடிக்கோடு போடுங்கள். மூன்றில் இரண்டு ஒரே திசையைக் காட்டும்.

பழக வந்தவர் என்றால் உங்களுக்குத் தேவை சண்டை கேம் இல்லை, நாலு பேர் சேர்ந்து செய்யும் வேலை. டென்மார்க்கில் செய்த டீப் ராக் கேலக்டிக் இதற்கு நல்ல உதாரணம். நாலு குள்ளர்கள் சுரங்கத்துக்குள் போய்ப் பூச்சிகளைச் சுட்டுத் தாதுவை வெட்டிக்கொண்டு வர வேண்டும். காரணமே இல்லாமல் சேர்ந்து கோஷம் போடுவதற்கென்று ஒரு பட்டனே உண்டு. பழைய கம்ப்யூட்டர் என்றால் 2009-ன் லெஃப்ட் 4 டெட் 2. நாலாவது ஆள் வராவிட்டால் அந்த இடத்தில் பாட் வந்து நிற்கும், நாள் வீணாகாது.

கைத்திறமைக்காக வந்தவருக்குச் சந்தை நிறையவே இருக்கிறது. கம்ப்யூட்டரில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2, வேலரண்ட் இரண்டும் இலவசம். ஆனால் குறிபார்க்கும் பழக்கம் ஒரு கேமிலிருந்து இன்னொன்றுக்கு முழுதாக வராது. ஓடிக்கொண்டே சுடும் பழக்கமுள்ளவர்கள் இந்த இரண்டிலும் முதல் மாதம் திணறுவார்கள், ஏனென்றால் இங்கே நின்றுதான் சுட வேண்டும்.

ரேங்க் ஏறும் போதைதான் காரணம் என்றால், ஒரு சங்கடமான யோசனை: செஸ். சிரிக்காதீர்கள். மூன்று நிமிட மேட்ச், சுழல் வட்டம் கிடையாது, ஒவ்வொரு வெற்றிக்கும் புள்ளி ஏறும், தோல்விக்கு இறங்கும், ஹேக்கரைத் தவிர வேறு சாக்கு சொல்ல முடியாது. லிச்செஸ் தளம் முழுக்க இலவசம், விளம்பரமே இல்லை, நன்கொடையில் ஓடுகிறது. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்து, 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆன பிறகு, நம் ஊரில் எதிராளிக்கும் பஞ்சமில்லை. ஆயிரத்து ஐந்நூறு வருடமாக ஆள் குறையாத கேம் வேறு எது?

கடைசி வட்டப் படபடப்புதான் வேண்டும் என்றால், ஒரே உயிர் உள்ள தனி கேம்களைப் பாருங்கள்: செத்தால் முதலிலிருந்து. டெட் செல்ஸ் கைவேகத்துக்கு, ஸ்லே தி ஸ்பையர் மூளைக்கு. இரண்டும் போனிலும் உண்டு. சித்தி மகன் இரண்டாவதில் விழுந்து இன்னும் எழவில்லை.

சேர்ப்பதும் வளர்ப்பதும் பிடித்தவர்களுக்கு ஸ்டார்டியூ வேலி. 2009-ல் தொடங்கிய ஃபார்ம்வில் 2020 டிசம்பர் 31-ல் மூடப்பட்டபோது பயிர் செய்த நிலமெல்லாம் காற்றில் போனது. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் செய்து 2016-ல் வெளியிட்ட ஸ்டார்டியூவில் உங்கள் தோட்டம் உங்கள் கருவியிலேயே இருக்கிறது. 'இன்று வராவிட்டால் பயிர் வாடும்' என்ற மிரட்டலும் கிடையாது.

கதைக்காக, ஊர் சுற்றுவதற்காக ஆடியவர்கள் ஆன்லைனை விட்டே கொஞ்ச நாள் வெளியே வரலாம். 2023-ல் வந்த வெண்பா, எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்த, பக்கங்கள் சிதைந்த சமையல் நோட்டை வைத்து இட்லியும் பிரியாணியும் சமைக்க வேண்டும். டொரன்டோவின் விசை கேம்ஸ் செய்தது. ஒரே மாலையில் முடிந்துவிடும். ஐந்து வருடம் ஒரே கேமில் ஊறியவருக்கு 'முடிகிற கேம்' என்பதே ஒரு புது அனுபவம்.

படி 4: கையிருப்பைக் கணக்குப் பாருங்கள்

போனில் எத்தனை ஜிபி ரேம், எவ்வளவு இடம் காலி, ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம். இந்த நாலும் எழுதினால் பட்டியலில் பாதி தானே உதிர்ந்துவிடும். ஆன்லைன் சண்டை கேம் என்றால் ஐந்தாவதாக பிங், அதாவது நம் கருவியிலிருந்து சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரம். நமக்குப் பக்கத்தில் மும்பை அல்லது சிங்கப்பூரில் சர்வர் இருக்கிறதா என்று பாருங்கள். அறுபது மில்லி செகண்டுக்குள் இருந்தால் நிம்மதி. நூற்றிருபதைத் தாண்டினால் நீங்கள் சுட்ட பிறகுதான் நீங்கள் செத்தது தெரியும். செஸ், சீட்டு, முறை வைத்து ஆடும் கேம்களுக்கு பிங்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். டெரஸில் நின்றால்தான் சிக்னல் என்ற ஊர்க்காரர்கள் இதைக் கவனியுங்கள்.

நேரத்தில் உண்மையைச் சொல்லுங்கள். கல்லூரியில் இருந்தபோது ஆடிய நேரம் இப்போது கிடையாது. ஒரு மேட்ச் முப்பது நிமிடம் என்றால், நடுவில் குழந்தை அழுதால் விட்டுவிட்டுப் போக முடியாத கேம் அது. நடுவில் நிறுத்த முடிகிறதா என்பதை நான் இப்போது முதல் கேள்வியாகவே வைத்திருக்கிறேன்.

படி 5: எங்கே தேடுவது

ஸ்டோரின் முதல் பக்கத்தில் தேடாதீர்கள். அங்கே விளம்பரத்துக்குக் காசு கொடுத்தவர்கள்தான் நிற்பார்கள்.

எனக்கு நன்றாக வேலை செய்த வழி, வம்சாவளியைப் பிடிப்பது. எந்த கேமும் வானத்திலிருந்து குதிப்பதில்லை. பப்ஜியைச் செய்த பிரெண்டன் கிரீன், அதற்கு முன் ஆர்மா 2-க்கான டேஇசட் என்ற மாற்று வடிவத்தின் மேல்தான் தன் முதல் பேட்டில் ராயலை, அதாவது கடைசியாக மிஞ்சுகிறவர் ஜெயிக்கும் கேமை, கட்டினார். டோட்டா, வார்கிராஃப்ட் 3-க்கு ரசிகர்கள் செய்த மேப். கவுண்டர் ஸ்ட்ரைக், ஹாஃப் லைஃபிலிருந்து பிறந்தது. டோட்டா 2-க்குள் 2019 ஜனவரியில் முளைத்த ஆட்டோ செஸ், அந்த வருடமே டீம்ஃபைட் டாக்டிக்ஸ் போன்ற தனி கேம்களைப் பெற்றெடுத்தது. உங்கள் கேமின் அப்பா யார், சித்தப்பா பிள்ளைகள் யார் என்று தேடினால், 'இதே மாதிரி' பட்டியலில் வராத பெயர்கள் கிடைக்கும். சண்டையைவிட அள்ளுவதும் பயமும் பிடித்தவருக்கு டேஇசட் பக்கம் போகத் தோன்றும். பட்டியலோ இன்னொரு பேட்டில் ராயலைத்தான் நீட்டும்.

ஸ்டீமில் விமர்சனம் படிக்கும்போது, பாராட்டை விட்டுவிட்டு, இருநூறு மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டுத் திட்டியவர்களைப் படியுங்கள். ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் ஆடினார் என்று அங்கேயே போட்டிருக்கும். அவர்கள் சொல்லும் குறை உங்களுக்குக் குறையாகத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. 'ரொம்ப மெதுவாகப் போகிறது' என்று ஒருவர் புலம்பினால், எனக்கு அது அழைப்பிதழ். மொத்த விமர்சனமும் கடைசி முப்பது நாள் விமர்சனமும் தனித்தனியாகக் காட்டப்படும். மொத்தம் நன்றாக இருந்து கடைசி மாதம் மட்டும் மோசமென்றால், கேமுக்குள் ஏதோ நடந்திருக்கிறது.

டிரெய்லர் பார்க்க வேண்டாம். யூடியூபில் வெட்டி ஒட்டாத நீள வீடியோ ஒன்றை எடுத்து, நாற்பதாவது நிமிடத்துக்குத் தள்ளி, அங்கிருந்து பத்து நிமிடம் பாருங்கள். நீங்கள் வாழப்போவது அந்தப் பத்து நிமிடத்தில்தான்.

காசில்லாமல் சுவை பார்க்கவும் இடம் இருக்கிறது. ஸ்டீமின் நெக்ஸ்ட் ஃபெஸ்ட் வருடத்துக்கு மூன்று தடவை, பிப்ரவரி, ஜூன், அக்டோபர் வாக்கில் வரும். வெளிவரப்போகும் நூற்றுக்கணக்கான கேம்களின் டெமோ இலவசம். எபிக் ஸ்டோர் 2018 டிசம்பரிலிருந்து இலவச கேம் கொடுத்துவருகிறது, வழக்கமாக வியாழக்கிழமை மாறும். ஸ்டீமில் காசு கொடுத்து வாங்கினாலும், வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பிளே ஸ்டோரில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கேட்டுப் பாருங்கள்.

படி 6: ஆயுள் பார்க்கவும்

மறுபடி அதே வலி வேண்டாம் என்றால் கேமுக்கும் ஜாதகம் பார்க்கத்தான் வேண்டும். இந்தியாவில் போனில் பேட்டில் ராயல் ஆடியவர்களின் கதையைப் பாருங்கள். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பர் 2-ல் தடை. ஃப்ரீ ஃபயருக்கு மாறியவர்களுக்கு 2022 பிப்ரவரியில் அதுவும் தடை. மேக்ஸ் பதிப்பு மட்டும் மிஞ்சியது. பப்ஜிக்குப் பதிலாக 2021 ஜூலையில் வந்த பிஜிஎம்ஐ, 2022 ஜூலையில் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போய் 2023 மே மாதம்தான் திரும்பியது. இடையில் அபெக்ஸ் லெஜண்ட்ஸ் மொபைலுக்குப் போனவர்களுக்கு, 2022 மே மாதம் வந்த அந்த கேம் ஒரு வருடம்கூட நிறையாமல் 2023 மே 1-ல் மூடப்பட்டது. ஜாடை பார்த்து மாறிக்கொண்டே இருந்தவர்கள் மூன்று வருடத்தில் மூன்று வீடு காலி செய்தார்கள்.

பெரிய நிறுவனம், பெரிய செலவு என்பதும் உத்தரவாதம் இல்லை. சோனியின் கான்கார்டு 2024 ஆகஸ்ட் 23-ல் வெளியாகி செப்டம்பர் 6-ல் மூடப்பட்டது, பதினான்கே நாள். தி க்ரூ என்ற கார் கேமின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச்சில் நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களாலும் தனியாகக்கூட ஓட்ட முடியவில்லை. 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கம் கிளம்பியது அதிலிருந்துதான்.

அதனால் இரண்டு கேள்வி. நிறுவனத்தின் சர்வர் நின்றுபோனாலும் இந்த கேம் ஓடுமா? தனியாகவோ, லேனிலோ (ஒரே வீட்டு நெட்வொர்க்கில்), நாமே வைக்கும் சர்வரிலோ ஓடினால் போதும். மைன்கிராஃப்ட், ஸ்டார்டியூ, லெஃப்ட் 4 டெட் 2 எல்லாம் இந்த வகை. இரண்டாவது, வந்து எத்தனை வருடம் ஆயிற்று? 1999-ல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ இன்றும் ஆடுகிறார்கள், போட்டியும் நடக்கிறது. இருபது வருடம் தாக்குப்பிடித்த கேம் இன்னும் ஐந்து வருடம் ஓடும் என்று நம்பலாம். இருபது நாள் முன்பு வந்ததைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்றால் ஆடக்கூடாது என்றில்லை. ஆடுங்கள், காசு மட்டும் போடாதீர்கள்.

படி 7: மூன்று நாள் சோதனை

ஒரு நேரத்தில் மூன்று கேமுக்கு மேல் இறக்காதீர்கள். பதினொன்றை இறக்கியவன் சொல்கிறேன்.

ஒவ்வொன்றுக்கும் மூன்று தனித்தனி நாளில், ஒரு மணி நேரம் கொடுங்கள். முதல் நாள் பட்டன் எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விடும். அன்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டாம் நாள் கேம் என்ன கேட்கிறது என்று புரியும். மூன்றாம் நாள் யாரும் நினைவுபடுத்தாமல் நீங்களாகத் திறந்தீர்களா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் அழித்துவிடலாம், குற்ற உணர்ச்சி தேவையில்லை.

தொடங்கும்போதே செட்டிங்ஸுக்குப் போய், பட்டன்களைப் பழைய கேமில் இருந்த இடத்துக்கு நகர்த்துங்கள். நாலு விரலில் ஆடிப் பழகியவர் இரண்டு விரல் அமைப்பில் ஆடினால் கேம் மட்டம் என்றுதான் தோன்றும், உண்மையில் மட்டமானது அமைப்புதான். ரேங்க் மேட்ச் பக்கமே முதல் இரண்டு வாரம் போக வேண்டாம்.

பழைய கேமில் உங்களைக் கண்டாலே ஓடியிருப்பார்கள். இங்கே பன்னிரண்டு வயதுப் பையன் உங்களைச் சுட்டுவிட்டு மேலே நின்று ஆடுவான். நிறையப் பேர் புது கேமை விடுவது இந்த அவமானத்தில்தான், வெளியே 'கேம் சரியில்லை' என்பார்கள். பழைய கேமில் உங்கள் முதல் மாதத்தை நினைத்துப் பாருங்கள். அப்போதும் இதேதான், கூடச் சேர்ந்து தோற்க ஆளிருந்ததால் தெரியவில்லை.

முதல் முப்பது நாள் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். 'புது வீரர்களுக்கு மட்டும், 24 மணி நேரத்தில் முடிகிறது' என்று வரும் சலுகை, உங்களுக்குக் கேம் பிடித்திருக்கிறதா என்று தெரிவதற்கு முன்பே கையைக் கட்டிப்போடுவதற்காகவே வருவது. கட்டிய காசுக்காக ஆட ஆரம்பித்தால் பிடித்ததா என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலே போய்விடும்.

படி 8: கூட்டாளிகளை அழைத்து வருவது

தனியாக ஆடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

குழுவில் 'என்ன கேம் ஆடலாம்?' என்று கேட்டால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள், இரண்டு பேர் சிரிக்கும் ஸ்டிக்கர் போடுவார்கள். நாங்கள் செய்தது வேறு. வாரத்துக்கு ஒருவர் ஒரு கேமைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தவர் முன்னாடியே இரண்டு மணி நேரம் தனியாக ஆடியிருக்க வேண்டும், மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது அவர் பொறுப்பு. முதல் ஒரு மணி நேரம் யாரும் 'பழைய கேமில் இப்படி இல்லை' என்று சொல்லக் கூடாது. சொன்னவர் அடுத்த டீக்குக் காசு.

குழுவில் இருப்பதிலேயே மட்டமான போன் யாருடையதோ, அதில் ஓடும் கேம்தான் எல்லோருக்கும். இதைப் பேசித் தீர்க்காவிட்டால் அந்த ஒருவர் சத்தமில்லாமல் விலகிவிடுவார். எங்களில் ஒருவன் துபாய்க்கு வேலைக்குப் போனான். நமக்கு இரவு ஒன்பது என்றால் அவனுக்கு ஏழரை, அப்போதுதான் ரூமுக்கு வந்து சமைக்க ஆரம்பித்திருப்பான். தினமும் ஆடுவது என்ற பழைய பழக்கத்தை விட்டு, ஞாயிறு மட்டும் பத்தரை மணி என்று வைத்த பிறகுதான் நாலு பேரும் ஒரே நேரத்தில் வந்தோம். வாரநாட்களில் அவனும் நானும் ஒரு நாளைக்கு ஒரு நகர்த்தல் என்று செஸ் ஆடுகிறோம். ஒரு ஆட்டம் ஒன்றரை மாதம் போனது.

எல்லோருக்கும் எல்லாமே பிடித்த ஒரு கேம் கிடைக்காமலும் போகலாம். எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஞாயிறுக்கு ஒன்று, தனக்கென்று ஒன்று என ஆளுக்கு இரண்டு கேம் ஆனது. முன்பு ஒரே கேம் செய்த வேலையை இப்போது இரண்டு பிரித்துச் செய்கின்றன.

வழியில் இருக்கும் குழிகள்

சலித்துப்போன மனசுக்கு எதையாவது தட்டிவிடத் தோன்றும். அந்த நேரம் பார்த்து வருபவை சில. 'எல்லாம் திறந்தது' என்று சொல்லும் மாற்றிய ஏபிகே கோப்புகள்: போனுக்குள் என்ன ஏறுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. பழைய ஐடியை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்பவர்கள்: பெரும்பாலான கேம்களில் ஐடி விற்பதே விதிமீறல், கடவுச்சொல்லைக் கொடுத்ததும் ஆள் மாயமாவது வழக்கம். இலவச யூசி, இலவச டைமண்ட் (கேமுக்குள் செலவழிக்கும் காசு) என்று சொல்லி ஓடிபி கேட்கும் இணைப்புகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் மோசமானது, பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறா. ரேங்க் ஏறும் போதைக்குப் பழகியவரை அது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் நாடு முழுவதும் தடைசெய்திருக்கிறது. அதனால் 'இது திறமை கேம், சட்டப்படி சரி' என்று யாராவது இணைப்பு அனுப்பினால் திறக்காதீர்கள்.

பழைய கேமை எப்போது அழிப்பது?

உடனே வேண்டாம். கோபத்தில் அழித்தால் நாலாம் நாள் மறுபடி இறக்குவீர்கள், இரண்டு ஜிபி டேட்டா தண்டம். புது கேமில் முப்பது நாள் தாண்டிய பிறகு, இடம் போதவில்லை என்றால் அழியுங்கள். அதற்கு முன், கணக்கு எந்த மெயிலோடு இணைந்திருக்கிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். ரொம்ப நாள் உள்ளே வராத கணக்கைச் சில கேம்கள் நீக்கிவிடும். விட மனசில்லாதவர்கள் மாதம் ஒரு தடவை உள்ளே போய் வந்தால் போதும்.

சித்தி மகன் இன்னும் அழிக்கவில்லை. ஒவ்வொரு அப்டேட்டையும் இறக்குவான், லாபியைத் திறப்பான், நண்பர் பட்டியலில் யாருடைய பெயராவது பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பான். போன மாதம் ஒருநாள் என் பெயர் பச்சையாக இருந்திருக்கிறது. "நீயும் வந்தியாண்ணே?" என்று மெசேஜ் போட்டான். ஸ்கிரீன்ஷாட் எடுக்க வந்தேன் என்று சொல்லிச் சமாளித்தேன்.